இரண்டு பேர் வயதையும் கூட்டிக்கொள்ளுங்கள்

2014-இல் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தபோது வாழ்த்துச் சொன்னவர்களில் பாதிப் பேர் அடுத்த மூச்சிலேயே இதையும் சொன்னார்கள்: "இனிமே என்ன கவலை? ஊருக்குப் போய் ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக் கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானே." நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். விசா இல்லை, வேலை போனால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை, நிரந்தரமாக இங்கே வாழலாம் என்று அட்டையே சொல்கிறது. பிறகு ஒரு குழந்தைக்கு மட்டும் என்ன தடை இருக்க முடியும்?

இருக்கிறது. இதை மாதத்துக்கு ஒருமுறையாவது யாருக்காவது போனில் விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை; இந்த வழியில் நடந்து வந்தவள், அவ்வளவுதான். எங்களுக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை, என்னென்ன மருத்துவம் பார்த்தோம் என்பதெல்லாம் வேறு கதை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்த கையோடு அமெரிக்காவுக்குக் கூட்டி வர இரண்டு வாசல்கள்தான் உண்டு. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டுக் குழந்தை என்றால் ஐ-800 என்ற படிவம். சேராத நாடு என்றால் ஐ-600. இந்தியாவில் அந்த உடன்படிக்கை 2003 அக்டோபரிலிருந்தும், அமெரிக்காவில் 2008 ஏப்ரலிலிருந்தும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே இந்தியக் குழந்தை என்றால் ஐ-800தான். இரண்டு வாசலிலும் ஒரே நிபந்தனை: விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும், சொந்த வீடு இருந்தாலும் போதாது.

கிரீன் கார்டுக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஐ-130. கல்யாணம் செய்துகொண்டு மனைவியை அழைத்து வரப் போடுவோமே, அதே படிவம். தத்துப்பிள்ளைக்கும் போடலாம். ஆனால் 16 வயதுக்குள் தத்தெடுத்திருக்க வேண்டும். அதோடு குழந்தை இரண்டு ஆண்டுகள் நம் சட்டப்பூர்வப் பொறுப்பில், நம்மோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகள் எங்கே வாழ்வது? குழந்தைக்கு இங்கே வர விசா கிடையாது. அப்படியானால் நாம்தான் அங்கே போக வேண்டும். அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்தால் இங்கே கிரீன் கார்டு என்னாவது? ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருப்பதென்றால் கிளம்பும் முன்பே ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். குடியுரிமைக்காக ஓடிக்கொண்டிருக்கும் ஐந்து வருடக் கணக்கும் அதோடு அறுந்துபோகும். வேலை? அதைக் கேட்கவே வேண்டாம். இரண்டு ஆண்டு முடிந்து ஐ-130 போட்டாலும் கிரீன் கார்டுக்காரர்களின் மனைவி பிள்ளைகளுக்கான எஃப்2ஏ என்ற விசா வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை சில காலம் காத்திருப்பே இல்லாமல் ஓடும், சில காலம் வருடக்கணக்கில் பின்தங்கும்.

இதை எல்லோருக்கும் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இன்றைக்கும் முழுசாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. "வெளிப்பிள்ளைக்குத்தானேம்மா இத்தனை பேப்பர் கேக்குறான்? நம்ம சின்னவன் ரெண்டாவது பிள்ளையை எடுத்துக்கோங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு பத்திரம் எழுதினா முடிஞ்சுது" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி சொந்தத்துக்குள் தத்துப் பத்திரம் எழுதிக்கொள்வது நம் ஊரில் காலங்காலமாக நடப்பது. ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு விசா வாங்க முடியாது. கொழுந்தன் மகளாக இருந்தாலும் யாரென்றே தெரியாத குழந்தையாக இருந்தாலும் அந்த இரண்டு ஆண்டு இரண்டு ஆண்டுதான். தவிர, கொழுந்தன் மனைவியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் கேட்டிருக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொன்னேன்.

தப்பான யோசனை சொன்னவர்களும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு ஒரு வக்கீல், "முதலில் இந்தியாவில் தத்தெடுத்துவிடுங்கள், விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். தெரிந்தவர் ஒருவர் டூரிஸ்ட் விசாவில் குழந்தையை அழைத்து வந்துவிடலாம் என்றார். இங்கேயே வளரப்போகும் குழந்தையை ஊர் சுற்றிப் பார்க்க வருகிறது என்று தூதரகத்தில் போய்ச் சொல்வதா? இந்த இரண்டு யோசனைகளும் இன்றைக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். கடைசியில் குழந்தை ஒரு நாட்டிலும் பெற்றோர் இன்னொரு நாட்டிலுமாக நிற்க வேண்டியிருக்கும்.

சரி, இந்தியப் பக்கம் என்ன? இந்தியாவில் தத்தெடுப்புக்குத் தலைமை அமைப்பு காரா. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களை உள்நாட்டில் வாழ்பவர்களுக்குச் சமமான முன்னுரிமையில் வைக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது இல்லையா? ஆனால் நாம் வாழும் நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். இந்தக் குழந்தை எங்கள் நாட்டுக்குள் வரலாம் என்று அந்த நாட்டு அரசு எழுதித் தரவும் வேண்டும். அமெரிக்க அரசு அப்படி எழுதித் தர ஐ-800 வேண்டும். ஐ-800க்குக் குடியுரிமை வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்களை இந்தியா வா என்றது. அந்தப் பாஸ்போர்ட்டை வைத்திருப்பதாலேயே அமெரிக்கா முடியாது என்றது.

இங்கே பிறந்த குழந்தையைத் தத்தெடுக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குக் குடியுரிமை ஒரு தடையாக இருந்திருக்காது. நாங்கள் அதற்கான கூட்டங்களுக்கும் போய்ப் பார்த்தோம். பிறந்த குழந்தைக்காக, பெற்ற தாய் நம்மைத் தேர்ந்தெடுக்கும்படி ஆல்பம் தயாரித்துக் காத்திருக்கும் முறை எங்கள் இருவருக்கும் ஒட்டவில்லை. வேறு சிலருக்கு அது நன்றாக அமைந்திருக்கிறது. எங்களைப் பார்த்து யாரும் அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆக, குடியுரிமை வரும்வரை காத்திருப்பது என்று முடிவானது. இந்த இடத்தில்தான் தலைப்பில் சொன்ன கணக்கு வருகிறது.

காராவில் தம்பதியின் வயதைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இருவர் வயதையும் கூட்டுகிறார்கள். நாங்கள் பதிவு செய்த காலத்தில் இருந்த 2017-ஆம் ஆண்டு விதிப்படி, 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூட்டு வயது 90-ஐத் தாண்டக்கூடாது; 4 முதல் 8 வரை 100; அதற்கு மேல் 110. கூட்டு வயது என்பதால் ஒரு வருடம் போனால் கணக்கில் இரண்டு ஏறும். எங்களுக்கு கிரீன் கார்டு வந்தபோது எனக்கு 35, அவருக்கு 38, கூட்டினால் 73. இளமையான எண்தான். குடியுரிமைக்கு ஐந்து வருடம் என்றால் 83. அதன்பின் பேப்பர் வேலை, அதன்பின் வரிசை. இதே கிரீன் கார்டு அப்போது வேறு நாட்டுக்காரர்கள் பலருக்கு எங்களைவிடச் சீக்கிரம் கிடைத்தது. நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் இந்தியர்கள் நிற்கும் வரிசை நீளம். எங்களுக்கு 2009-இல் போட்ட மனுவுக்கு 2014-இல் கிடைத்தது, அதையே அதிர்ஷ்டம் என்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்க்கும்போது அது உண்மைதான். அவர்கள் கையில் அட்டை வரும்போது கூட்டு வயது என்னவாக இருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இருவருமே குடியுரிமை வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. தம்பதியில் ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவருக்கு இங்கே சட்டப்படி இருக்கும் உரிமை இருந்தால், ஐ-800க்கு முந்தைய படியான, பெற்றோரின் தகுதியைப் பார்க்கும் ஐ-800ஏ போடலாம். இதைத் தெரிந்துகொண்ட அன்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை ஒன்று நடக்காமல் தப்பியது. என் கணவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டைவிட மனமில்லை. காரணம் கேட்டால் பெரிதாக எதுவும் சொல்லமாட்டார். "இருக்கட்டுமே" என்பார். எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை, ஆனால் எனக்கு அதைவிடக் குழந்தை முக்கியம். நான் வாங்குகிறேன், நீங்கள் இருங்கள் என்றேன்.

ஐந்து வருடம் முடிவதற்கு 90 நாள் முன்னதாகவே என்-400, அதாவது குடியுரிமை விண்ணப்பம், போடலாம். அன்றைக்கே போட்டேன், கட்டணம் 725 டாலர். 2020 பிப்ரவரியில் நேர்காணல். சத்தியப் பிரமாணத்துக்கு மார்ச் மாதக் கடைசியில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவால் எல்லா அலுவலகங்களையும் மூடிவிட்டார்கள். ஜூன் 4 வரை திறக்கவில்லை. ஊரெல்லாம் உயிர் பிழைத்தால் போதும் என்று இருந்த நேரத்தில் நான் 85, 85 என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவும் முடியாது. கோடையில் ஒருநாள் கூப்பிட்டார்கள். முகக்கவசத்தோடு, தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு வந்தோம். விருந்தினருக்கு அனுமதி இல்லை. அவர் வாசலில் காருக்குள் இருந்தார்.

அடுத்தது ஹோம் ஸ்டடி. பெயர்தான் ஹோம் ஸ்டடி, வீட்டைப் பார்ப்பது அதில் கால்வாசிகூட இல்லை. சோஷியல் வொர்க்கர் நிதானமான பெண்மணி. மருந்து அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, புகை அலாரம் அடிக்கிறதா, துப்பாக்கி வைத்திருக்கிறோமா என்று பார்த்தார். குளியலறைக் குழாயைத் திறந்து வெந்நீரில் ஒரு தெர்மாமீட்டரைப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொண்டார். அதெல்லாம் சுலபம். 18 வயதிலிருந்து எந்தெந்த ஊரில் வாழ்ந்தோமோ அத்தனைக்கும் சான்று கேட்டார்கள். நாங்கள் குடியிருந்த ஒவ்வொரு மாநிலத்திலும் குழந்தைகளைத் துன்புறுத்தியதாகப் பதிவு இருக்கிறதா என்று சோதனை. இந்தியாவுக்குப் போலீஸ் சான்றிதழ். கைரேகை. சம்பளம், கடன், ரத்தப் பரிசோதனை. பத்து மணி நேரப் பெற்றோர் பயிற்சி.

பிறகு தனித்தனியாகப் பேச்சு. என் கணவரிடம், "சின்ன வயதில் உங்களை எப்படிக் கண்டித்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். மாமா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டிலும் பிரம்பு வைத்திருந்தவர். அடித்தார் என்று சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாகுமோ, சொல்லாவிட்டால் பொய்யாகுமோ என்று இவர் தவித்துப்போய்விட்டார். கடைசியில் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். எந்தத் தப்புக்கு எத்தனை அடி, அடித்த பிறகு அம்மா என்ன செய்வார் என்றெல்லாம். அந்த அம்மாள் நிமிராமல் எழுதிக்கொண்டே வந்து, "அது உங்களுக்கு உதவியதா?" என்று மட்டும் கேட்டாராம். இவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இல்லை, பயந்தேன்" என்றாராம். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் என்னிடம் ஒருநாளும் சொல்லாத பதில் அது. குழந்தையை அடிக்கமாட்டோம் என்று எழுதியும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கேள்விகளை எல்லாம் அவமானமாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புகிறார்கள், கேட்கத்தான் வேண்டும்.

2021-இல் ஐ-800ஏ ஒப்புதல் வந்து, ஏஜென்சி காராவின் கேரிங்ஸ் தளத்தில் எங்களைப் பதிவு செய்தபோது கூட்டு வயது 87. இன்னும் இரண்டு வருடம் பிந்தியிருந்தால் 91. 4 வயதுக்குள் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. ஐ-800ஏ ஒப்புதலின் ஆயுள் 15 மாதம். காராவின் வரிசை அதைவிட நீளம். ஆகவே நீட்டிப்பு, ஹோம் ஸ்டடியைப் புதுப்பித்தல் எல்லாம் உண்டு. இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. தேதிகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

2022 கடைசியில் மெயில் வந்தது. ஒடிசாவில் ஒரு இல்லத்தில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை. படம், குழந்தையைப் பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை. 96 மணி நேரத்துக்குள் ஒப்புதல் சொல்ல வேண்டும். மருத்துவ அறிக்கையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். எடை, தலைச் சுற்றளவு, ஹீமோகுளோபின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ரத்தசோகை இருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்றார். மற்ற அறிக்கையில் பெரும்பாலும் டிக் அடித்த கட்டங்கள்தான். நடக்கிறாள், பேசுகிறாள், தானே சாப்பிடுகிறாள். ஆனால் கடைசியில் யாரோ கையால் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: ஆயாவோடு சேர்ந்து தரை பெருக்குவது பிடிக்கும். நாங்கள் 96 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரில் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம், "தமிழ்ப் பிள்ளை இல்லையா?" என்று. காராவில் இந்தியா முழுவதும் ஒரே பட்டியல். தமிழ் பேசும் குழந்தைதான் வரும் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதில் இறங்க வேண்டாம். பசிக்கிறதா, பாத்ரூம் போக வேண்டுமா, வலிக்கிறதா, தூங்கலாமா என்று ஒடியாவில் சில வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குழந்தை யார் என்று தெரிந்தவுடன் ஓடிப்போய்த் தத்தெடுத்துவிடக் கூடாது. முதலில் அந்தக் குழந்தையின் பெயரில் ஐ-800 போட்டு முன்னொப்புதல் வாங்க வேண்டும். அப்புறம் தூதரகத்தின் கடிதம், அப்புறம் காராவின் தடையில்லாச் சான்று, அதன்பின்தான் தத்து ஆணை. வரிசை மாறினால் எல்லாம் சிக்கலாகிவிடும். அந்த வக்கீல் சொன்னதை நாங்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் ஆணை தருவது நீதிமன்றம். 2022 செப்டம்பரிலிருந்து அது மாவட்ட ஆட்சியரிடம் போயிருக்கிறது. செலவு கேட்பவர்களுக்கு: வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பவர்களுக்கு இந்திய இல்லத்துக்கான கட்டணம் 5000 டாலர் என்று காரா விதியிலேயே உண்டு. அதற்கு ரசீது தருவார்கள். அதற்கு மேல் இல்லத்தில் யாராவது கேட்டால் காராவுக்கே எழுதுங்கள். இங்கே ஏஜென்சி வாங்கும் தொகை அதைவிடப் பல மடங்கு.

2023 கோடையில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தோம். முதல் நாள் என்னிடம் வரவே மாட்டேன் என்று ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். என் கணவரிடம் போனாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. புதுப் பாஸ்போர்ட், டெல்லியில் தூதரகம், விசா. 2000-ஆம் ஆண்டுக் குழந்தைக் குடியுரிமைச் சட்டப்படி, இந்த வகை விசாவில் வரும் குழந்தை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட கணத்திலேயே அமெரிக்கக் குடிமகள். அரை மணி நேரம் கியூவில் நின்றதோடு அவள் காரியம் முடிந்தது. நான் கிரீன் கார்டிலிருந்து அங்கே வர ஐந்தரை வருடம் ஆனது. அவர் இன்னும் இந்தியக் குடிமகன்தான். வீட்டில் நாங்கள் இருவரும் ஒரு பக்கம், அவர் மட்டும் தனி.

வந்த பிறகும் காராவுக்கு அறிக்கை போக வேண்டும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. அதே சோஷியல் வொர்க்கர்தான் வந்தார். வெந்நீரை மறுபடி அளக்கவில்லை.

போன வாரம் பெரியப்பா மகன் கூப்பிட்டான். அவனுக்கும் இப்போதுதான் கிரீன் கார்டு வந்திருக்கிறது. அவனுக்கு 39, அவன் மனைவிக்கு 37. "அக்கா, கைக்குழந்தையா இருந்தா நல்லாருக்கும்னு அவ ஆசைப்படுறா" என்றான். 2022-இல் விதி மாறிவிட்டது. இரண்டு வயதுக்குள் என்றால் கூட்டு வயது 85-க்குள் இருக்க வேண்டும். இவர்கள் 76-இல் இருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் 86. சட்டென்று அவனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். இரண்டு முதல் நான்கு வயது வரை 90 உண்டு, அதற்குத் தயாராகுங்கள். இல்லையென்றால் இங்கே உள்ளூரிலேயே தத்தெடுக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். யாராவது ஒருவர் மட்டும் குடியுரிமை வாங்கினால் போதும், அந்த ஐந்து வருடத்தில் ஊருக்குப் போனால் ஆறு மாதத்தைத் தொடாமல் திரும்பிவிடுங்கள், 90 நாள் முன்னதாகவே என்-400 போடுங்கள் என்றும் சொன்னேன். யார் வாங்குவது என்று இன்னும் பேசவில்லையாம். பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறான்.